பியானோவுக்குப் போட்ட மூன்று மரக்கால் சுண்ணாம்பு

போன வாரம் ராமநாதபுரத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். அவளோடு அவளுடைய வீணையும் வந்திருக்கிறது. நண்பர் அதை ஓர் அறையில் கிடத்தி, சுற்றிலும் நாலு தட்டில் அடுப்புக்கரி பரப்பி வைத்திருந்தார்.

“மழைக்காலம் பாருங்க... ஈரம் ஏறிடக் கூடாதுல்ல. இன்னும் நாலு தட்டு வச்சிரவா?” என்று கேட்டார்.

“வேண்டாம்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்துக்கு ஒரு காரணம் உண்டு.

எங்கள் ஜில்லாவைத் ‘தண்ணியில்லாக் காடு’ என்பார்கள். இங்கே மாற்றல் என்றாலே சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு முகம் சுருங்கிவிடும். அப்பேர்ப்பட்ட ஊரில், காற்றில் இருக்கிற தண்ணீரை விரட்ட நான் நான்கு மாதம் பாடுபட்டேன் என்றால் நம்புவீர்களா?

பத்து வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது நான் மண்டபத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியின் கிட்டங்கிக்குப் பொறுப்பாளன். இலங்கையிலிருந்து வரும் சாமான்கள் பர்மிட் கிடைக்கும்வரை எங்களிடம் கிடக்கும். டிரங்குப் பெட்டி, தையல் மெஷின், கட்டில்... ஒரு புரட்டாசியில் ஒரு பியானோ வந்தது.

கச்சேரி மேடையில் வைத்து வாசிக்கிற பெரிய பியானோ. கால்களைக் கழற்றி, பக்கவாட்டில் நிமிர்த்தி, மரச்சட்டத்துக்குள் கட்டியிருந்தார்கள். இறக்குவதற்குப் பதினோரு ஆள் தேவைப்பட்டது.

உடைமைக்காரர் எஸ்தர் டீச்சர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்தவர். ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்தபின் சென்னைக்கே வந்துவிட முடிவுசெய்திருந்தார். அங்கே ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கல்லூரியில் பியானோ கிடையாது. பியானோவோடு வந்தால்தான் வேலை.

பர்மிட்டோ வரவில்லை. டீச்சர் சென்னைக்குப் போய் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. போகுமுன் என் கையில் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தார். பாக்கெட் கடிகாரம் போல வட்டமாக இருந்தது. ஒரே ஒரு முள். காற்றில் ஈரம் கூடினால் முள் ஏறும், குறைந்தால் இறங்கும். நாற்பத்தைந்திலும் அறுபதிலும் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்.

“முள் இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவிலை நிக்க வேணும், மனேஜர். ஒவ்வொரு நாளும் பார்த்து ஒரு கொப்பியிலை எழுதி வையுங்கோ. ஈரம் கூடினால் கம்பி துருப்பிடிக்கும், கட்டை இறுகும்” என்றார்.

“அதுக்கென்னங்க, பாத்துக்கிறேன்” என்றேன். பியானோவை அதற்குமுன் கண்ணால் பார்த்ததில்லை. பொறுப்பை ஏற்க அது ஒரு தடையாகத் தோன்றவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. முள் எண்பத்திரண்டுக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. அரிக்கேன் விளக்குகளை ஏற்றிச் சுற்றிலும் வைத்துப் பார்த்தேன். சுவரில் கரி படிந்ததுதான் மிச்சம். முள் அசையவில்லை.

பக்கத்துக் கிட்டங்கிக்காரர் பெரியபட்டினம் ஹமீது மரைக்காயர். கடலட்டையைக் காயவைத்து சிங்கப்பூருக்கு அனுப்புகிற வியாபாரம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை மாமா என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அவர் சரக்குக்கும் ஈரம்தான் எதிரி. அவரிடம் போய் நின்றேன்.

“ஈரம் போகணும் மாமா. என்ன செய்ய?”

“கிளிஞ்சச் சுண்ணாம்பு இருக்குல்ல, தண்ணி ஊத்தி நீத்தாதது... அத தட்டுல பரப்பி உள்ள வச்சு, மேல தார்ப்பாயப் போட்டு நல்லா மூடிருங்க. ஈரத்தை அது குடிச்சிரும்” என்றார்.

ஒரு மரக்கால் வாங்கிவந்து வைத்தேன். நாலே நாளில் முள் ஐம்பத்தைந்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாரா வாரம் அளவுகளைத் தபாலில் அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. டீச்சரிடமிருந்து பதில் வந்தது. ‘உங்களைப் போல் பொறுப்பான ஆள் கிடைத்தது என் பாக்கியம்’ என்று எழுதியிருந்தார்.

பாராட்டு மனிதனை என்ன செய்யும்? என்னை இன்னும் இரண்டு மரக்கால் வாங்கவைத்தது. ஒரு மரக்காலுக்கே இவ்வளவு என்றால் மூன்றுக்கு எவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டேன். போட்டுவிட்டு, அக்காள் மகள் காதுகுத்துக்கு ஊருக்குப் போய்விட்டேன். மூன்று நாள்.

திரும்பிவந்து தார்ப்பாயை விலக்கினால், முள் இருபத்தெட்டு.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே உள்ளே ‘டக்’கென்று ஒரு சத்தம். சுள்ளி ஒடிகிற சத்தம்தான், பெரிதாக ஒன்றுமில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கம்பிகளின் ஓசையை வாங்கிப் பெருக்குகிற பலகையில், முழுசாக ஒரு சாண் நீளத்துக்கு, மயிரிழை போல ஒரு விரிசல்.

ஹமீது மாமா வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

“ரொம்ப காஞ்சா இப்படித்தான். நம்ம சரக்கும் வெடிச்சுப் போகும்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?”

“ஈரம் போகணும்னுதான் கேட்டீங்க மாப்ள. எம்புட்டுப் போகணும்னு கேக்கலையே.”

இரண்டு மரக்காலை வெளியே எடுத்தேன். முள் மெதுவாக ஏறி ஐம்பதுக்கு வந்து நின்றது. அன்று சாயங்காலம் நோட்டைத் திறந்தேன். நான் இல்லாத மூன்று நாளும் காலியாக இருந்தன. ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொன்று, ஐம்பத்துமூன்று என்று எழுதினேன். எழுத்து எப்போதையும்விட அழகாக வந்திருந்தது.

அதற்குப்பின் ஒருநாள்கூடப் பொய் எழுதவில்லை. தினமும் ஹமீது மாமாவைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டிவிட்டே எழுதினேன். திருடியவன் மறுநாள் முதல் கோயிலுக்குப் போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தை பிறந்தது. பர்மிட்டோடு டீச்சர் வந்தார். பியானோவை ஒரு சுற்றுச் சுற்றினார். டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், பின்பக்கத்தில் நின்றுவிட்டார்.

பிறகு நோட்டைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். மூடினார்.

“உங்களிலை பிழை இல்லை, மனேஜர். இங்கை வர முந்தியே வெடிச்சிருக்க வேணும். கொழும்பிலை பொதி கட்டின தச்சர்தான் கவனமில்லாமல் விட்டிருக்கிறார். இருபது வருஷமா அவரைத்தான் நம்பினனான். எங்கடை பள்ளிக்கூடத்திலை பியானோ வேலை எல்லாம் அவருக்குத்தான் குடுக்கிறது. இனி குடுக்க வேண்டாமெண்டு எழுதப் போறன்.”

பார்த்திராத ஒரு தச்சர். அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட எனக்குத் தெரியாது. சும்மா இருந்திருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். கூலியாட்கள் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

“அவருக்கு எழுத வேண்டாங்க” என்றேன்.

“ஏன்?”

நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். “வெடிச்சது இங்கனதான். சுண்ணாம்பு கூடிப்போச்சு. இந்த மூணு நாளும் நான் ஊர்லயே இல்ல. வந்து பாத்தப்ப முள்ளு இருபத்தெட்டுல நின்னுச்சு. நோட்டுல நாந்தான் மாத்தி எழுதுனேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் கேட்டுக்கொள்ளத் தயாராகவும் இருந்தேன். அவர் திட்டவில்லை.

“மற்ற நாளெல்லாம்?”

“அதெல்லாம் நெசங்க.”

“அதை நான் எப்பிடி நம்புறது?”

நியாயமான கேள்வி. நூறு நாளுக்கு மேல் ஒழுங்காக எழுதியிருந்தேன். மூன்று நாள் அத்தனையையும் தின்றுவிட்டது. உண்மைக்கும் இந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்புபோல ஒரு குணம் இருக்கிறது. சுண்ணாம்பில் கொஞ்சம் காற்றுப் பட்டாலும், உண்மையில் கொஞ்சம் பொய் பட்டாலும் மீதி உதவாது.

வாசலில் நின்றிருந்த ஹமீது மாமா உள்ளே வந்தார்.

“அல்லா மேல ஆணையாச் சொல்றேன் தாயி. அதுக்கப்புறம் எழுதுனது எல்லாம் நான் கூட நின்னு பாத்தது. சுண்ணாம்பு யோசனையும் நான் சொன்னதுதான். அளவு சொல்லாம விட்டது என் தப்பு.”

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை எடுத்தார். நோட்டில் அந்த மூன்று எண்களையும் அடித்துவிட்டு, ஓரத்தில் ‘28, அதற்கும் கீழே இருந்திருக்கலாம்’ என்று எழுதினார்.

“பழுது பார்க்கிறவருக்கு இது தெரிய வேணும். எவ்வளவு காய்ஞ்சது எண்டு தெரியாமல் ஒட்டினால் திரும்பவும் வெடிக்கும்” என்றார். அவ்வளவுதான். என்னிடம் விடைபெறாமலே ரயிலேறினார்.

சென்னையில் விரிசலுக்குள் ஒரு மெல்லிய மரச்சீவலை வைத்து ஒட்டினார்களாம். ஒரு மாதம் தாமதமானாலும் வேலை போகவில்லை. இதெல்லாம் மறு மழைக்காலத்தில் டீச்சரிடமிருந்து வந்த கடிதத்தில் இருந்தது. அப்படி ஒரு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

கல்லூரி கடற்கரை ஓரத்தில் இருக்கிறதாம். அறையில் ஈரம் தாங்கவில்லையாம். ‘சுண்ணாம்பு எவ்வளவு வைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது என்று விவரமாக எழுதவும். அனுபவப்பட்டவர் நீங்கள்தான்’ என்று கேட்டிருந்தார்.

அன்றே பதில் எழுதினேன். முதல் வரி இதுதான்: ‘மூன்று மரக்கால் மட்டும் போட்டுவிடாதீர்கள், பலகை வெடிக்கும். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன்.’