முரண்பாடு: பூஜ்யம்

மனிதர்கள் நிரப்பிய ஒரு கணக்கில் முரண்பாடே இல்லையென்றால், அதை நம்ப வேண்டுமா, சந்தேகிக்க வேண்டுமா? தி. நகரில் ஒரு பம்ப் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் சேர்ந்த புதிதில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

பம்புகளுக்கான ரப்பர் வாஷர்களை ஆதம்பாக்கத்தில் சிறிய பட்டறை வைத்திருந்த பாய்தான் பல ஆண்டுகளாகத் தந்துவந்தார். இப்போது பெருங்குடியிலிருந்து ஒரு புதிய நிறுவனமும் போட்டிக்கு வந்திருந்தது. பாய் தொலைபேசியில் நேராகவே கேட்டார்:

"மேடம், ஆர்டர் எங்களுக்கு கீதா, இல்ல போயிடுமா? எங்க அண்ணன் குடும்பமும் இந்த மெஷினைத்தான் நம்பிக்கினு கீது."

தேர்வு ஒப்பீட்டு முறையில் நடந்தது. தரம், குறித்த நேரத்தில் வந்து சேர்வது, ஆவணங்கள் ஆகியவற்றை இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றைவிட இன்னொன்று எத்தனை மடங்கு முக்கியம் என்று எங்கள் மேலாளர் எழுத வேண்டும். கணினி அதிலிருந்து ஒவ்வொன்றுக்குமான வெயிட்டேஜை, அதாவது மொத்தத்தில் அதன் பங்கை, கணக்கிடும். அந்தப் பதில்கள் தமக்குள் எவ்வளவு முரண்படுகின்றன என்றும் சொல்லும். தரம் நேரத்தைவிட இரு மடங்கு, நேரம் ஆவணங்களைவிட மூன்று மடங்கு என்று எழுதினால், தரம் ஆவணங்களைவிட ஆறு மடங்கு என்று இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அது முரண். மனதில் பட்டதை எழுதினால் கொஞ்சமாவது முரண் வரும். மேலாளரின் தாளிலோ முரண்பாடு பூஜ்யம். தரத்தைவிட ஆவணங்கள் முக்கியமாகியிருந்தன. ஆவணங்களில் வலுவாக இருந்த பெருங்குடி நிறுவனத்துக்கு முதலிடம்.

"சார், இவ்வளவு கச்சிதமா வராதே" என்றேன்.

"இன்னாம்மா, தப்பா வந்தாலும் கேக்குற, சரியா வந்தாலும் கேக்குற!" என்று சிரித்தார்.

"கட்டத்தை எப்படி நிரப்பினீங்க?"

"வெயிட்டேஜை முதல்ல வெச்சுக்கினேன். அப்பால ஒண்ணை ஒண்ணால வகுத்து வகுத்துப் போட்டேன்."

"அந்த வெயிட்டேஜ் எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். "மேலேர்ந்து. நீ ஏன் நோண்டிக்கினு கீற?"

இதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாததைக் குற்றச்சாட்டாக்க எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் விடையிலிருந்து தொடங்கிய கணக்கை நம்பி ஒரு பட்டறையின் பிழைப்பை நிறுத்த முடியாது. அந்தத் தாளில் நானும் கையெழுத்திட வேண்டியிருந்தது; மறுத்தேன். பம்புகளைப் பொருத்துபவர்களும் தரம் சோதிப்பவர்களும் தனித்தனியே நிரப்பட்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதினேன். தயக்கத்துடன் ஒப்புக்கொண்டார்கள். வந்த பதில்கள் அங்கங்கே தமக்குள் இடித்துக்கொண்டன. எனக்கு அதுவே நம்பிக்கை தந்தது. பாய் சிறிய வித்தியாசத்தில் முந்தினார். ஆர்டர் அவரிடமே நின்றது.

இப்போது எங்கள் அலுவலகத்தில், யார் யார் போட்டியிடுகிறார்கள் என்று தெரியும் முன்பே கொள்முதல், பொருத்துதல், தரச்சோதனை ஆகிய மூன்று பிரிவினரும் தனித்தனியாக ஒப்பீட்டை நிரப்பிவிட வேண்டும். மேலாளர் என்னிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.