இரண்டாவது வரியை யார் பாடுவது?

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கேட்டது என் மகள் ஹரிணி. ஐந்தாம் வகுப்பு.

டிவியில் ஒரு படம் பார்த்தோம். தெருவில் கிட்டார் வாசித்துப் பாடுகிற பையன். முதல் வரியைப் பாடுகிறான். வழியே போகிற பெண் ஒருத்தி நின்று இரண்டாவது வரியைப் பாடுகிறாள். முன்பின் பார்த்ததே இல்லை... ஆனால் வரி தெரியும், சுருதியும் தெரியும்! எங்கிருந்தோ ஏகப்பட்ட வயலின்கள். சரணம் வந்ததும் சரியாக மழை. காய்கறிக்காரர்கூட ஆடுகிறார். கடைசியில்? இருவரும் ஆளுக்கொரு பஸ் ஏறிப் பிரிந்து போகிறார்கள்.

"ஏன்ப்பா பிரிஞ்சாங்க? சண்டையே போடலையே!"

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, டைல்ஸ் ஒட்ட இந்தக் கன்னட ஊருக்கு வந்தவன். வாரம் ஒரு முறை இந்தச் சிறுவர் பக்கத்தில் எழுதுவதோடு சரி, எனக்கு என்ன தெரியும்? "பிரிஞ்சாத்தாம்மா கதை மனசுல நிக்கும்" என்று ஏதோ சொல்லி வைத்தேன்.

"அப்ப சேர்ந்தா நிக்காதா? நீயும் அம்மாவும் சேர்ந்துதானே இருக்கீங்க?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. நான் சேனலை மாற்றினேன்.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் பூ வாங்க நானும் ஹரிணியும் தேவராஜ மார்க்கெட் போனோம். வெளியே பூக்கடைக்கு எதிரில் ஒருவர் மைக் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டி, மொபைலில் இசை. பழைய கன்னட டூயட். ஆண் வரியைப் பாடி முடித்து நிறுத்தினார். பெண் வரிக்கு ஆள் இல்லை. வெறும் இசை மட்டும் ஓடியது. ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தார்கள்.

ஹரிணி என் கையை உதறினாள். படத்தில் வந்த பெண்ணைப் போலவே முன்னால் போய் நின்று... பாடிவிட்டாள்!

கூட்டம் கை தட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்தது இரண்டே வரி. அப்புறம் விழித்தாள். பாடகரோ அவளைப் பார்க்காமல் பூக்கடைப் பக்கமே பார்த்தார். தன் வரியையும் விட்டுவிட்டார். இசை தனியாக ஓடி முடிந்தது. கூட்டம் கலைந்தது.

பூக்கடை ஓரம், கையில் மல்லிகைப் பந்தோடு ஒரு பெண் வாயைப் பிளந்து நின்றிருந்தார். நேரே எங்களிடம் வந்தார்.

"ஏங்கண்ணு, என்ற லைனை நீ பாடிப்போட்டியே!"

"உங்க லைனா ஆன்ட்டி?"

"பின்ன? நானு இவரு பொண்டாட்டி. தெனமும் அந்த எடத்துல நாந்தான் எடுப்பேன்."

அவர் பெயர் செல்வி. பாடியவர் மாதேஷ், அவர் கணவர். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர்ப் பக்கம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கூட்டம் சேர்ந்தால்தான் அவர்களுக்கு அன்றைய சாப்பாடு. என் மகள் அதைக் கலைத்துவிட்டாள்.

ஹரிணிக்கு அழுகை வரும் போலிருந்தது. "அப்ப ஏன் ஆன்ட்டி யாரோ மாதிரி தூரமா நின்னீங்க?"

"புருசன் பொண்டாட்டி பக்கத்துல நின்னு பாடினா எவன் நிப்பான்? அதுல என்ன கதை இருக்குது? யாரோ ஒருத்தி கூட்டத்துல இருந்து பாடினாத்தான் சனம் நிக்குது... போனை எடுக்குது."

"நான் நிறுத்துனதும் நீங்க பாடியிருக்கலாமே?"

"ஒரு பாட்டுக்கு ஒரு அதிசயந்தான் கண்ணு. ரெண்டு நடந்தா நம்ப மாட்டாங்க."

"உடு புள்ள, கொழந்தை நல்லாத்தான் பாடுச்சு" என்றார் மாதேஷ்.

"ஆமா, ஊரார் புள்ளைய மெச்சுங்க. என்னைய ஒரு நாளாச்சும் மெச்சியிருக்கீங்களா?"

ஹரிணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க கடைசில பிரிஞ்சிட மாட்டீங்களா?"

"பிரியறதா? அப்புறம் இந்தப் பெட்டிய எவ தூக்கறது?" என்று சிரித்துக்கொண்டே செல்வி மறுபடி பூக்கடை ஓரம் போய் நின்றார்.

படத்தில், முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து பாடிவிட்டுப் பிரிகிறார்கள். இங்கே, சேர்ந்து வாழ்கிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள் போலப் பாடுகிறார்கள். எது கதை? எது நிஜம்? இதைப் போய் ஏமாற்று என்று சொல்வதா? செல்வியின் குரல் நிஜம்தானே?

அடுத்த பாட்டு தொடங்கியது. மறுபடி கூட்டம். மாதேஷ் நிறுத்தினார்... ஹரிணி உதட்டை இறுக்கி மூடி, என் விரலை நெரித்துக்கொண்டு நின்றாள்.

பூக்கடை ஓரத்திலிருந்து செல்வி திரும்பினார் - அந்தப் பாட்டை அப்போதுதான் கேட்பவர் போல. பாடினார். அடேயப்பா! மொபைல்கள் உயர்ந்தன. மழைதான் வரவில்லை.

பக்கத்தில் நின்ற பெரியவர் வியந்துபோய்க் குனிந்து, "யாரம்மா அது?" என்று என் மகளைக் கேட்டார்.

"கொத்தில்லா அங்கிள்" என்றாள் ஹரிணி கன்னடத்தில். தெரியாதாம்! முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை.

பிள்ளைகளே, பொய் சொல்லக் கூடாது என்று போன வாரம்தான் இதே பக்கத்தில் எழுதினேன். ஹரிணியும் படித்தாள். இப்போது இவளை என்ன செய்ய? அவள் சொன்னது பொய்தான். ஆனால் கலைத்த கூட்டத்தை அவளே திருப்பிச் சேர்த்தது போலவும் இருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், கண்டிக்கத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பாட்டின் முதல் வரி வந்துவிட்டது.