சாட்சிக்கு ஒரு விலாசம்

கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் சாலையில் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். கோர்ட்டு வளாகத்தில் இலவசச் சட்ட உதவி வக்கீலம்மா நீட்டிய சாட்சி வாக்குமூலத் தாளில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்திருந்தேன்.

அந்தக் கேஸில் அடிபட்டவன் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு அரிசி மில்லில் என்னோடு மூட்டை தூக்கியவன், ஜார்க்கண்ட்காரன். மூட்டைக் கொக்கியை மில்லில் வைத்தால் எவனாவது மாற்றிவிடுவான், இடுப்பிலேயே செருகிக்கொள் என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அப்படியே கடைத்தெருவுக்கு வந்தவன், அழுத குழந்தைக்கு பிஸ்கட் கொடுக்கக் குனிந்தான். கொக்கி வெளியே தெரிந்தது.

"புள்ள புடிக்கிறவன்டா! இடுப்புல ஆயுதத்தப் பாரு!" என்று யாரோ கத்த, கூட்டம் கூடியது.

எதிரே டீ குடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து "பையா, பையா" என்றான்; அவன் பாஷையில் அண்ணா. பக்கத்தில் நின்றவர் திரும்பினார்.

"உன்னத்தான் கூப்புடுறானா மச்சான்? நீ எந்த ஊரு?"

"எனக்கு ஆளே தெரியாதுங்க" என்றேன்.

அதன்பிறகு அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டம் அடித்துத் தாடை உடைந்து கீழே விழும்போதுகூட.

பட்டினி கிடந்திருக்கிறேன், சில ஊர்களில் அடியும் வாங்கியிருக்கிறேன். எல்லாம் மறந்துவிட்டது. இது போகவில்லை.

"அடிச்சவங்க மேல கேஸ் இருக்கு" என்றார் வக்கீலம்மா. "இவன்தான் ஆயுதத்தோட வந்தான்னு அவுங்க சொல்றாங்க. அது மூட்டை தூக்குற கொக்கின்னு நீங்க சொன்னா கேஸ் நிக்கும். மில்லுல வேற யாரும் வர மாட்டேங்குறாங்க. சம்மன் எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும்?"

எனக்கு விலாசம் இல்லை. அதையே சாக்காக வைத்து எழுந்து வந்துவிட்டேன்.

ஆலப்பாக்கம் அருகே, கட்டட வேலை முடித்த வடநாட்டுக்காரர்கள் எதிரே வந்து என்னைக் கடந்தார்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவன் "பையா!" என்றான். திரும்பினேன். அவன் அழைத்தது தன் கூட்டாளியை. வெயில் இறங்கும்வரை சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வக்கீலம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வர்றேம்மா. எழுதிக்குங்க."

"விலாசம்?"

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் காலை சிதம்பரம் கீழ வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் கழுவித் துடைக்க ஆள் கேட்டார்கள். படிக்கட்டுக்கு அடியில் படுக்க இடம் உண்டு.

"எத்தன நாள் இருப்ப?" என்றார் மேனேஜர்.

"ஒரு கேஸ் முடியற வரைக்குங்க." முழுவதையும் சொன்னேன்.

"நீயும் அடிச்சியா?"

"இல்லீங்க. பாத்துக்கிட்டு இருந்தேன்."

மேனேஜர் ஒரு வாளியை என் பக்கம் தள்ளினார். "மாடி கக்கூஸ்லேருந்து ஆரம்பி" என்றார். வாசலில் எழுதியிருந்த கதவு எண்ணையும் தெருப் பெயரையும் வக்கீலம்மாவுக்கு அனுப்பிவிட்டு வாளியை எடுத்தேன்.