கரண்டிக் காம்பு

பஸ் டிப்போவின் டயர் பகுதியில் பிகில்காரர் எங்கே என்று கேட்டால் யாரும் கைகாட்டுவார்கள். ஜாக்கி வைத்து பஸ்ஸைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, கடப்பாரையால் நெம்பி டயரை உரித்து, புது டியூப் போட்டுக் காற்றடிக்கிற வேலை. காற்றுக் குழாயைக் கையில் எடுத்தால் போதும், எவனாவது ஆரம்பித்துவிடுவான், மெஷின் எதற்கு, இவரே வாயால் ஊதிவிடுவாரே என்று. ஊத வேண்டிய நேரத்தில்தான் ஊதமாட்டார் என்பான் இன்னொருத்தன். பிகில்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு நட்டை முடுக்குவார். அந்த நட்டு யாருடைய கழுத்து என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மேஜருடைய கழுத்து. இருபது வருஷமாக ஒரு மனிதனை மனத்துக்குள் போட்டு வறுத்தெடுப்பது லேசுப்பட்ட காரியமா? அதற்கும் தெம்பு வேண்டும்.

நடந்தது இதுதான். சண்டையின்போது ரெஜிமென்டில் பிகில் என்கிற பித்தளை ஊதுகுழலை ஊதியவர் இவர். அக்கா வீட்டுக்காரரும் அதே ரெஜிமென்டில்தான், முன்வரிசையில். ஒரு மேட்டில் மூன்று பக்கமும் எதிரி வளைத்துவிட்டான். பின்வாங்குவதற்கென்று ஓர் ஊதல் உண்டு. அது காதில் விழுந்தால்தான் முன்னால் கிடக்கிறவர்கள் திரும்பலாம். ஊதட்டுமா சார் என்று இவர் கெஞ்சினார். மேஜர் பிகிலின் வாய்த்துண்டை வெடுக்கென்று உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஒருத்தனும் திரும்பக் கூடாது. என் பேர் கெட்டுடும்" என்றார். கொஞ்ச நேரத்தில் ஆள் கூட்டிவருகிறேன் என்று ஜீப்பில் ஏறியவர்தான், திரும்பவில்லை. இவர் தொண்டை கிழியக் கத்தினார். வெறும் குழாயில் வாயை வைத்து ஊதினார். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. குண்டுச் சத்தத்தில் அது யார் காதில் விழும்? முன்வரிசையில் பாதிப் பேர் அங்கேயே மண்ணோடு மண்ணாகிப் போனார்கள். அத்தானும் போனார்.

அதோடு விட்டாரா அந்த மகராசன்? பின்வாங்க ஊதச் சொன்னேன், பிகில்காரன் பயத்தில் வாய்த்துண்டையே தொலைத்துவிட்டான் என்று வீடு வீடாகப் போய்த் துக்கம் விசாரித்தார். மேஜர் சொல் எங்கே, பிகில்காரன் சொல் எங்கே? அக்காவும் நம்பிவிட்டாள். அன்று முகத்தில் அடித்தாற்போல் சாத்திய கதவு பிறகு திறக்கவே இல்லை. அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். இவர் மகள் கல்யாணத்துக்குக்கூட எட்டிப்பார்க்கவில்லை. அத்தானைச் சாகடித்ததை விட, அக்காவைப் பிரித்ததற்காகத்தான் பிகில்காரருக்கு வயிறு எரிந்தது. இது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள், எரிந்தது, அவ்வளவுதான்.

இப்போது அதே மேட்டில் ரெஜிமென்டுக்கு நினைவுத்தூண் எழுப்பியிருந்தார்கள். திறந்துவைக்கப் போகிறவர் மேஜர். அஞ்சலி ஊதலுக்குப் பிகில்காரரைக் கூப்பிடச் சொன்னதும் அவரேதானாம். மேடையில் எல்லார் முன்னாலும் மன்னிக்கப் போகிறாராம். பெரிய மனசு பாருங்கள். மனைவி போக வேண்டாம் என்பாள் என்று நினைத்தார். அவளோ அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "போய் அந்தாளு மானத்தை வாங்கிட்டு வாங்க. வெறுங்கையோட வந்தா சோறு கிடையாது" என்றாள். பேண்டு கடையில் புது வாய்த்துண்டு ஒன்று வாங்கிக்கொண்டார். அஞ்சலி ஊதலுக்குப் பதிலாக, அன்று ஊத விடாத ஊதலை மேஜர் மூஞ்சிக்கு நேராக ஊதிவிடுவது என்று திட்டம். அதற்குமேல் என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

மேட்டில் புல் மண்டியிருந்தது. தூணைத் துணியால் மூடியிருந்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் மேஜர் அன்பளிப்பாகக் கொடுத்த சாமான்கள், பர்ஸ், பேனா, லைட்டர். சும்மா எட்டிப்பார்த்த பிகில்காரர் கண்ணாடியில் மூக்கு இடிக்கக் குனிந்தார். லைட்டருக்குப் பக்கத்தில் கிடந்தது அவருடைய வாய்த்துண்டு. இன்னொன்றாக இருக்கவே முடியாது. சண்டைக்கு முன்னால் லீவில் வந்திருந்தபோது அது விரிசல் விட்டது. அத்தான் அக்காவின் பித்தளைக் கரண்டிக் காம்பை வெட்டி, வளையமாகச் சுற்றி, ஈயம் வைத்து ஒட்டிக்கொடுத்தார். காம்பில் இருந்த பூ வேலை அப்படியே வளையத்தில் நின்றது. நல்ல கரண்டியை நாசம் பண்ணிவிட்டாரென்று அக்கா ஒரு வாரம் அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

புது வாய்த்துண்டு பிகில்காரரின் பையிலேயே இருந்துவிட்டது.

மேஜர் மைக்கைப் பிடித்தார். வீரம், தியாகம் என்று முழங்கிவிட்டு, பெட்டியைக் காட்டினார். "அன்னைக்கு என் சட்டைப்பையில இருந்ததெல்லாம் அப்படியே குடுத்திருக்கேன். என் வீட்டம்மா டிராயரையே கவுத்துட்டாங்க" என்றதும் கூட்டம் சிரித்தது. பிறகு குரலைத் தழைத்து, அன்று தவறு செய்த ஒருவரை எப்போதோ மன்னித்துவிட்டதாகச் சொல்லிப் பிகில்காரரை ஊத அழைத்தார்.

பிகில்காரர் மேடையேறி, வாயில்லாத பிகிலை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

"வாய்த்துண்டை நான் தொலைச்சுட்டதா நீங்கதானே சார் சொன்னீங்க. அது உங்க பையில இருந்ததா இப்பவும் நீங்கதான் சொல்றீங்க. பெட்டிக்குள்ள இருக்கு, எடுத்துக் குடுங்க. ஊதுறேன்."

 அது வேறு ஏதோ சாமான் என்று மேஜர் முணுமுணுத்தார். அதற்குள் செத்துப்போன சிப்பாய்களின் மனைவிமார் வரிசையிலிருந்து அக்கா எழுந்துவிட்டாள். யாரையும் கேட்காமல் கண்ணாடி மூடியைத் தூக்கி வாய்த்துண்டை எடுத்தாள். வளையத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். நேராக மேடையேறி மேஜர் முன்னால் போய் நின்றாள்.

"என் கரண்டிக் காம்பு உன் பைக்கு எப்படி வந்துச்சு?"

 பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. வாய்த்துண்டைத் தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஊதுடா தம்பி. உங்கத்தானுக்குக் கேக்கட்டும்."

பிகில்காரர் ஊதினார். அஞ்சலி ஊதல் இல்லை, பின்வாங்கும் ஊதல். முதல் வீச்சிலேயே முன்வரிசையில் இருந்த பழைய சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். முழங்கால் போனவர்களும் நாற்காலியைப் பிடித்து எழுந்தார்கள்.  பழக்கிய உடம்பு, அப்படியே திரும்பி, வரிசை கலையாமல் மேட்டை விட்டு இறங்கியது. பின்னாலேயே பெண்கள், பிள்ளைகள், பேண்டு செட்டு எல்லாரும் இறங்கினார்கள். உட்காருங்கள், உட்காருங்கள் என்று மேஜர் மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். பிகில்காரர் ஊதி முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்றாள்.

பாதிச் சரிவில் அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். மேலே, காலி நாற்காலிகளுக்கு எதிரே, திறக்காத தூணோடு மேஜர் ஒற்றை ஆளாக நின்றிருந்தார். போதுமா அக்கா என்று கேட்டார் பிகில்காரர்.

"நிக்கட்டும். அன்னைக்கு அவங்களை அங்கதானே நிக்க வெச்சான்" என்றாள் அக்கா.