டைட்டஸ் ஆடாத ஃபைனல்

ஃபுட்பால் டீமுக்கு மேனேஜர் ஆன நந்தகுமார் அந்த வருஷம் பார்த்த கேவலமான வேலை எது தெரியுமா? ராபர்ட்சன்பேட்டை ஜெராக்ஸ் கடையில் நின்று, ஆறு பேருடைய அடையாள அட்டையில் வேறு ஆறு முகங்களை ஒட்டி நகல் எடுத்ததுதான். கடைக்காரர் விஷயம் புரிந்து சிரித்தார். கூடச் சேர்ந்து தானும் சிரித்ததை நினைத்தால் நந்தகுமாருக்கு இன்றைக்கும் வாய் கசக்கிறது.

பதினெட்டு வருஷம் ஷாஃப்ட் லைன் டீமுக்கு லெஃப்ட் விங்கில் ஓடியவர் அவர். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள்தான் லைன். லைனில் குடியிருப்பவன்தான் லைன் டீமில் ஆடலாம், லைன்களுக்குள் நடக்கும் கப் போட்டியின் விதியே அதுதான். வாரத்தில் ஆறு நாள் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போய் ஒரு குடோனில் மூட்டை அடுக்குவார், ஞாயிற்றுக்கிழமை ஆடுவார். முப்பத்தொன்பது வயதில் முட்டி போனது. டீமை விட மனசு வராமல் மேனேஜர் ஆனார். மேனேஜர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பந்துக்குக் காற்றடிப்பது, வாழைப்பழம் வாங்கி வருவது, ரெஃப்ரியிடம் மல்லுக்கு நிற்பது. அதுவரைக்கும் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் ராஜப்பா வந்து சேர்ந்தார். பங்காருபேட்டை ரோட்டில் மனை போட்டு விற்கிறவர். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஜெர்சியில் தன் படம் பெரிதாக வரவேண்டும். பெங்களூரு லீக்கில் ஒரு கிளப் தொடங்கப் போவதாகவும், இந்தக் கப்பை ஜெயித்தால் நந்தகுமார்தான் அதற்குச் சம்பள மேனேஜர் என்றும் சொன்னார். குடோனுக்கு முழுக்குப் போட்டுவிடலாம். ஜெயிப்பதற்கு ஆறு பெங்களூரு ஆட்டக்காரர்களைத் தானே அனுப்புவதாகவும், லைன் பையன்களின் பேரில் அவர்களை இறக்கினால் போதும் என்றும் சொன்னார். நந்தகுமார் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஜெராக்ஸ் கடையில் நின்றார். சீ, என்ன மனுஷன்!

லைன்காரர்களுக்கு இது தெரியாதா? பாதிப்பேருக்குத் தெரியும். கப் வந்தால் சரி என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். பேரைக் கொடுத்த ஆறு பேரும் ஃபைனலன்று மைதானத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. எதிர் டீம்காரன் யாராவது அடையாளம் கண்டுவிட்டால் குட்டு உடைந்துவிடும். அதைப் போய்ச் சொல்கிற வேலையும் மேனேஜர் தலையில் விழுந்தது. அந்த ஆறு பேரில் ஒருவனான கோல்கீப்பர் டைட்டஸ் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அம்மாவிடம் ஆடப்போவதாகச் சொல்லிவிட்டு, பங்காருபேட்டையில் ஒரு நண்பன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நந்தகுமாருக்கு நெஞ்சை அறுத்தது.

ஃபைனலில் இரண்டாம் பாதி ஆட்டம். எதிர் டீமுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பெங்களூரு கீப்பர் வலப்பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டான். மைக்கில் கமெண்டரி சொல்கிறவர் டைட்டஸ், டைட்டஸ் என்று தொண்டை கிழியக் கத்தினார். லைன் வரைக்கும் கேட்டது. டைட்டஸின் அம்மா ஜெயசீலி கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகிறவர். மகன் ஆடி ஒருநாளும் பார்த்ததில்லை. மகன் பேரைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு மைதானத்துக்கு ஓடி வந்தார். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நின்று அந்தப் புது முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேராக நந்தகுமாரிடம் வந்தார்.

"எம் புள்ள உயிரோடதான கீறான் தம்பி? அவன் பேர இன்னாத்துக்கு இன்னொருத்தனுக்கு வெச்சீங்க?"

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது நந்தகுமாருக்கு. அதற்குள் விசில் ஊதி, லைன் டீம் ஒரு கோலில் ஜெயித்தும் ஆகிவிட்டது. மேடையில் ராஜப்பா ஊரையே வாங்கிவிட்ட மிதப்பில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். சிறந்த கோல்கீப்பர் டைட்டஸ் என்று அறிவித்ததும் பெங்களூருக்காரன் சூயிங்கம் மென்றபடி படியேறினான். நந்தகுமாரால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நொண்டிக்கொண்டே மேடையேறி மைக்கைப் பிடுங்கினார்.

"இவன் டைட்டஸ் இல்ல. டைட்டஸ் இன்னிக்கி ஆடல. பொய்னு தெரிஞ்சே டீம் ஷீட்டுல கையெழுத்து போட்டவன் நான்தான்."

கப் எதிர் டீமுக்குப் போனது. ராஜப்பா முகத்தைக்கூடப் பார்க்காமல் காரில் ஏறிப் போனார். லைன்காரர்கள் காதுபடவே கெட்ட வார்த்தையில் திட்டினார்கள். திட்டட்டும் என்று நந்தகுமார் விட்டுவிட்டார். கிளப் வேலை போனால் போகட்டும், ஒரு தாய்க்கு அவள் மகன் பேரைத் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று நினைத்ததும், பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது.

வீட்டு வாசலை மிதிக்கும்போது டைட்டஸ் அங்கே காத்திருந்தான். தோளில் கை வைக்கப் போனவரின் கையைத் தட்டிவிட்டான்.

"இன்னாத்துக்குண்ணா மைக்குல போய் சொன்னீங்க? பெஸ்ட் கோல்கீப்பர் சர்ட்டிஃபிகேட்ட எனக்கே தரேன்னு ராஜப்பா சொல்லிகிறாரு. அதுக்குத்தான நான் ஒத்துகினேன். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலைக்கு அத காட்டியிருப்பேன். சர்ட்டிஃபிகேட் விஷயம் தெரிஞ்சதுல இருந்து அம்மாவும் உங்களத்தான் திட்டிகினு கீது."

அவன் முகத்தில் மருந்துக்கும் வெட்கமில்லை. அந்த முகத்தைப் பார்க்க நந்தகுமாருக்குக் குமட்டியது. அவனுக்கு வழி காட்டியது யார் என்று நினைத்தபோது அதைவிட அதிகமாகக் குமட்டியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.