பஸ் நாளில் சோறு கிடையாது

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து தனத்தின் கையில் கொடுத்தேன். அவள் அம்மா பாக்கியம் வெடுக்கென்று பிடுங்கிவிட்டாள்.

"வேணாங்க சிஸ்டர். திருச்சி போய்ச் சேர்ற வரைக்கும் பச்சத்தண்ணி கூடக் குடுக்க மாட்டேன்."

தனத்துக்கு ஆறு வயது. தாயிடமிருந்து வந்த எச்.ஐ.வி. வாயெல்லாம் வெள்ளைப் புண், நிற்காத வயிற்றுப்போக்கு. பாக்கியம் எறையூரில் கரும்பு வெட்டுபவள், புருஷன் இல்லை. மாதாமாதம் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை வாங்கித் தருவது, 2007-இல் ஒரு தொண்டு நிறுவனத்தில் நர்ஸாக இருந்த என் வேலை. இவர்களோடு அன்றுதான் முதல் பயணம்.

"பசிக்காதா அவளுக்கு?"

"பசிக்குந்தான். போன மாசம் பஸ்ஸுலயே வயித்தால போயிட்டா. கண்டக்டர் நடுவழியில பாடாலூர்ல எறக்கி வுட்டுட்டான். சீட்டக் கழுவிட்டுப் போன்னான். அதுலேருந்து முந்தின நாளே சோத்த நிறுத்திடறேங்க."

ஆஸ்பத்திரியில் டாக்டர் தனத்தின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் மடிந்தபடியே நின்றது.

"உடம்புல சொட்டுத் தண்ணி இல்ல. எடையும் எறங்கிட்டே போவுது. சோறு போடாம வளக்கறியாம்மா? இப்படியே போனா மாத்திரை என்ன செய்யும்?"

பஸ் கதையை நான்தான் சொன்னேன்.

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? புள்ளையப் பாக்காம மாத்திரை குடுக்க ரூல் இல்ல."

எங்கள் மேனேஜரிடம் ஜீப் கேட்டேன்.

"ஜீப்பு பிரச்சாரத்துக்கு வாங்கினதும்மா. பேஷன்ட் ஏத்தற டீசலுக்கு பட்ஜெட்ல பணம் ஒதுக்கல."

எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்காதீர்கள் என்று ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற மட்டும் டீசல் இருந்தது. சண்டை போட்டு மூன்றாவது மாதம் ஒரு நாளைக்கு ஜீப் வாங்கினேன்.

ஜீப்பில் தனத்துக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"இது நம்ம ஜீப்புடி கண்ணு. எங்க வேணா நிறுத்தலாம். குடி."

"வேணாம். எறக்கி வுட்டுருவாங்க."

பாக்கியம் கெஞ்சினாள், அடித்தாள், அழுதாள். ஒரு வாய்கூட இறங்கவில்லை. அன்றே வார்டில் சேர்த்தார்கள். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு தனம் சில நாள்தான் இருந்தாள்.

தகவல் வந்து, உடலை ஊருக்குக் கொண்டுவர நான் கேட்டபோது ஜீப் அரியலூர்ப் பக்கம் பிரச்சாரத்துக்குப் போயிருந்தது. தனி வண்டி வைக்கப் பாக்கியத்துக்கு வழியில்லை. நான் திருச்சி போய்ச் சேர்வதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். தூங்கும் பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துப் புடவையால் மூடிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். அன்றைக்கு யாரும் இறக்கிவிடவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பெண்களே, பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று தாயைத் திட்டுவதற்கு முன்னால், எதில் வந்தீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு ஆபீஸில் போய்ச் சண்டை போடுங்கள். மூன்று மாதம் ஆக விடாதீர்கள்.