ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட கோடு

"சின்னையா சார் தவறிட்டாருங்க" என்று தலைமையாசிரியை அலைபேசியில் சொன்னபோது நான் ஓவிய வகுப்பில் இருந்தேன். அடுத்த மூச்சிலேயே, "வாசல் போர்டுல நீங்களே எழுதிருங்க சார், ஒங்க கையெழுத்துதான் நல்லாருக்கும்" என்றார். எழுதினேன். இருபது வருடமாக எழுதுகிற கை, அவர் பெயரைக் கோணலாக எழுதியது. அழித்து எழுத மனம் வரவில்லை.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் எங்கள் பள்ளியில் படித்த உங்களுக்கெல்லாம் அவர் பி.டி. சார். அவர் விசிலுக்கே பாதிப் பேர் ஓடியிருப்பீர்கள். விளையாட்டு விழாவுக்கு முதல் நாள், மைதானத்தில் நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்தார். "அரை அடி உள்ள வாங்கிருக்கு சார்." யார் அளந்து பார்க்கப் போகிறார்கள் என்று சிடுசிடுத்தேன். "பாக்குறவனுக்கு ஒண்ணுமில்ல. ஓடுறவனுக்குத்தான் நட்டம்" என்றார். வெயிலில் மறுபடியும் குனிந்து போட்டோம். என் கோபம் தீர இரண்டு நாளாயிற்று.

அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது ரத்தக்குழாயைச் சுற்றிப் பிடித்திருந்தது. அறுவைக்கு இடமில்லை. திருச்சியில் டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: முதலில் சில மாதம் கீமோ, அப்புறம் மாத்திரையோடு சேர்த்துக் கதிர்வீச்சு, மரபணுப் பரிசோதனை ஒத்துவந்தால் கட்டியின் கோளாறை மட்டும் குறிவைக்கும் மருந்து. "மூணையும் சேத்துக் குடுத்தாலும் குணமாயிரும்னு சொல்லல. கொஞ்ச நாள் நிறுத்திவைக்கப் பாக்கலாம்." சார் கேட்டது ஒன்றுதான். "நடுவுல விட்டுப்போனா?" "விட்டுப்போகாம பாத்துக்கங்க" என்றார் டாக்டர்.

கதிர்வீச்சு எங்கே பாய வேண்டும் என்பதற்கு வயிற்றில் மையால் கோடுகள் போட்டு அனுப்பினார்கள். அழியவே கூடாது. இரண்டாம் வாரம் ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனேன். அவர் மனைவி முத்துலெட்சுமி அக்கா நார்த்தாமலை மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளப் போயிருந்தார்கள். சார் சட்டையில்லாமல் நின்றார். வேர்வையில் ஒரு பக்கக் கோடு போயிருந்தது.

"நாளைக்கு மிஷின்ல ஏத்த மாட்டாங்க சார். அவ வந்தா பதறிருவா. நீங்க போட்டு விட்டுருங்களேன்."

மருத்துவமனைக்குப் போன் பண்ணலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் கைமேல் எனக்கு அவ்வளவு திமிர். மிச்சமிருந்த கோட்டைப் பார்த்து ஸ்கெட்ச் பேனாவால் நீட்டிவிட்டேன். "அச்சு அசல்" என்று சிரித்தார்.

மறுநாள் திருச்சிக்கு நானும் கூடப் போனேன். டெக்னீஷியன் அவரை வெளியே கூட்டிவந்து, "யாரு இதப் போட்டது?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். நான் கையிலிருந்த ரிப்போர்ட் ஃபைலைப் புரட்டினேன்.

"நாந்தாங்க. கண்ணாடியப் பாத்துப் போட்டேன்" என்றார் சார்.

மறுபடி ஸ்கேன், மறுபடி அளவு. நான்கு நாள் சிகிச்சை நின்றது.

அதனால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். இருக்கலாம். குறிவைக்கும் மருந்து தொடங்கிச் சில மாதம் இட்லி கேட்டுச் சாப்பிட்டார். பிறகு நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. ஆனால் அக்கா கடைசிவரை அந்த நான்கு நாளைச் சொல்லியே அவரைத் திட்டினார்கள். "ஒங்களுக்கு எதுக்குங்க அந்த வேலை?" நான் பக்கத்து நாற்காலியில் அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் தனியாக இருந்தபோது, சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"விடுங்க சார். என்னையத் திட்டுனா அவளுக்குக் கொஞ்சம் ஆறும். நாளைக்கு நான் இல்லாதப்ப வீட்டுப் பக்கம் வந்து போக நீங்களாவது வேணும்ல."

பதினாறாம் நாள் காரியத்தில் அக்கா அவர் படத்தைப் பார்த்து, "நீங்களே ஒங்களுக்கு வெனைய வச்சுக்கிட்டீங்களே" என்று அழுதார்கள். அதைக் கேட்டுக்கொண்டு பந்தியில் உட்கார என்னால் முடியவில்லை. சார் சுமந்த பழி இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் நினைவாக நான் வைத்துக்கொள்ளப் போவதும் அதைத்தான். அவர் சொல்லை மீறியே இதை எழுதுகிறேன்.

அக்கா, அந்தக் கோட்டைப் போட்டவன் நான். இனி அவரைத் திட்டாதீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வருவேன். கதவைத் திறப்பது உங்கள் விருப்பம்.